‘யாரும்மா அந்தப் பையன்?’

கேள்வி: எனக்கு 19 வயது. தம்பிக்கு 13. அவனுக்கு ஆட்டிசம். பஸ்ஸில் உற்சாகம் வந்தால் கைகளை உதறிக்கொண்டு ‘ஊ’ என்று சத்தம் போடுவான். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ‘எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டீங்க?’ என்று கேட்பார்கள். ‘இவனை எதுக்கும்மா வெளியில கூட்டிட்டு வர்றீங்க?’ என்பவர்களும் உண்டு. போன வாரம் என் கல்லூரித் தோழிகள் ஏறியதும் இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அன்றிரவு தூக்கமே இல்லை. அடுத்த மாதம் சித்தி மகள் கல்யாணம். அவனை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: நீ இரண்டு சீட்தான் தள்ளி நின்றாய். நான் என் அண்ணனை அண்ணனே இல்லை என்று சொன்னவள்.

அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வருவது, ஒட்டுவாரொட்டி இல்லை. ஆனாலும் அவன் குடித்த டம்ளரைத் தனியே எடுத்து வைத்த உறவுக்காரர்கள் எங்களுக்கு இருந்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவனை எதிர் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அந்தத் திண்ணையில் நின்று எனக்குக் கையாட்டிக்கொண்டே இருந்தான். ‘யாரும்மா அந்தப் பையன்?’ என்றார் மாப்பிள்ளையின் அத்தை. ‘எதிர் வீட்டுப் பையன்’ என்றேன். அம்மா இல்லை, நான்தான் சொன்னேன். (அந்தச் சம்பந்தம் நகைப் பேச்சில் முறிந்தது, அது வேறு கதை.)

அடுத்து வந்தவர்களுக்குக் காபித் தட்டை அண்ணன்தான் நீட்டினான். ‘இவன் என் அண்ணன்’ என்று நானே முந்திக்கொண்டேன். நாம் முந்திக்கொண்டால் பாதிப் பேருக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

சின்னப் பிள்ளைகள் கேட்டால் மட்டும் நின்று பதில் சொல். ‘சந்தோஷம் வந்தா அவன் கை அப்படி ஆடும்’ என்றால் சரி என்று போய்விடுவார்கள். கோயில் யோசனைக்கு ‘சரிங்க’ போதும். எல்லோருக்கும் பாடம் எடுக்க உனக்கென்ன சம்பளமா தருகிறார்கள்? ஆனால் பலர் முன்னால் வேண்டுமென்றே அவனை இழிவுபடுத்தினால் விடாதே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 92-வது பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இதைச் சொன்ன மறுநாளே எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் என் அண்ணனை ‘வாங்க தம்பி’ என்றார்.

அப்புறம் கல்யாணம். கூட்டமும் சத்தமும் அவனுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் பாருங்கள். முந்தின நாளே காலி மண்டபத்தைச் சுற்றிக் காட்டு. கெட்டிமேளம்தான் பெரிய தொல்லை. தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் யாராவது அவனை வெளியே அழைத்துப் போகட்டும். முதல் பந்தியிலேயே சாப்பிட வைத்துவிடுங்கள். நீயும் அம்மாவும் முறை வைத்துக்கொள்ளுங்கள். அக்கா என்பதற்காக நீயே முழுக்க வாசலில் நிற்காதே, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு போட்டோவுக்கும் நில். அவனையும் நிறுத்து. கையை உதறினால் படத்தில் கை கொஞ்சம் மங்கலாக விழும், அவ்வளவுதான். என் கல்யாண ஆல்பத்தில் அண்ணன் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான்.