மேல் தெருவுக்குத் தண்ணீர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை என் தோழி அனுப்பினாள். அதில் ஒரு வரி: "கவுன்சிலர் என்பவர் கல்வெட்டில் பெயர் வருவதற்காகத் தேர்தலில் நிற்பவர், கல்வெட்டில் எழுத்துப்பிழை வந்தால் மட்டும் கமிஷனரிடம் சண்டை போடுவார்." எல்லோரும் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் அப்பா கொடைக்கானல் நகராட்சியில் இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவர். 2001இல் ஜெயித்தார், 2006இலும் ஜெயித்தார். 2011இல் 41 ஓட்டில் தோற்றார். 2016இல் மனு தாக்கல் செய்து, நோட்டீசும் அடித்த பிறகு தேர்தலே ரத்தானது. 2022இல் வார்டு பெண்களுக்குப் போய்விட்டது. கட்சி இன்னொருவரின் மனைவிக்கு சீட் கொடுத்தது. அம்மாவின் எட்டுப் பவுன் 2006லேயே போய்விட்டது, அது தனிக்கதை.

2018இல் கஜா புயல் வந்தபோது அப்பா எந்தப் பதவியிலும் இல்லை. ஆனாலும் இரவெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் போன் வந்தது. மரம் விழுந்தது, கரண்ட் கம்பி விழுந்தது, சுவர் சரிந்தது என்று. போன் சார்ஜ் தீரும் வரை பேசிவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். இப்போதும் பலத்த மழை பெய்தால் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால் "மேல் தெரு சுவர்" என்பார்.

இப்போது கட்சிக்காரர்கள் என்னிடம் வந்து, அடுத்த தேர்தலில் நிற்கிறாயா என்று கேட்கிறார்கள். அப்பா, "வேணாம்மா, நான் வீணாப்போனது போதும்" என்கிறார். அவர் வாழ்க்கை வீணா ஐயா? நான் நிற்கலாமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் பெயரையும் வார்டு எண்ணையும் எடுத்துவிட்டேன். 24 வார்டு உள்ள ஊரில் அதனால் பெரிய பயன் இல்லை, பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். சரி, போகட்டும்.

அந்தக் கல்வெட்டு வரியைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பொய் என்று சொல்ல மாட்டேன். எழுத்துப்பிழைக்காகச் சண்டை போட்ட ஒருவரை நேரில் பார்த்துத்தான் எழுதினேன். ஆனால் அதே ஊரில் நான் பார்த்த இன்னொருவரை எழுதாமல் விட்டேன். அவரைப் பற்றி எழுதினால் சிரிப்பு வராது என்பதால் விட்டிருப்பேன். அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

நாயுடுபுரத்துக்கு நான் குடிவந்த புதிதில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் பல நாளுக்கு ஒருமுறைதான் வரும். வருகிற அன்றும் மேல் வரிசை வீடுகளுக்கு ஏறாது. மலையில் ஒரே தெருவில் உள்ள இரண்டு வீடுகளுக்கு நடுவில் முப்பது படி இருக்கும். கீழ் வீட்டுக்காரர் தொட்டியை நிரப்பி, குடத்தை நிரப்பி, கடைசியில் பூச்செடிக்கும் ஊற்றிவிடுவார். மேல் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். ஒரு மார்கழி விடியற்காலை, புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது, எங்கள் கவுன்சிலர் காதை மூடிய குல்லாவும் ஸ்வெட்டருமாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவரோடு வால்வுக் குழி பக்கத்தில் நிற்கிறார். "கீழ ரொம்பிருச்சு. இப்பப் பாதி அடைங்கண்ணே, அப்பத்தான் மேல ஏறும்." கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டுக் குழாய் இருமியது, அப்புறம் தண்ணீர் வந்தது. எந்த வால்வை எத்தனை திருகு திருக வேண்டும் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். நகராட்சி அலுவலகத்தில் இருந்த வரைபடத்தில் அந்த வால்வே இல்லை என்று பின்னால் அவரே சொல்லிச் சிரித்தார்.

கவுன்சிலர் வேலையில் பெரும்பகுதி இதுதான். சட்டப்படி அவர் கையில் நிர்வாக அதிகாரம் எதுவும் கிடையாது. மன்றக் கூட்டத்தில் உட்காரலாம், பேசலாம், கை தூக்கலாம், வெளிநடப்பு செய்யலாம். தீர்மானத்தைச் செயல்படுத்துகிறவர் கமிஷனர். எஸ்டிமேட் போடுகிறவர் பொறியாளர். டெண்டர் எடுக்கிறவர் கான்ட்ராக்டர். எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நகராட்சி கவுன்சிலருக்கு அப்படி ஒரு பை கிடையாது. ஆனால் வார்டு ஜனங்கள் அவரிடம் எல்லாம் இருப்பதாகத்தான் நம்புகிறார்கள். காட்டுமாடு தெருவுக்குள் வந்தாலும் அவருக்குத்தான் போன். அது வனத்துறை வேலை என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த தேர்தலில் ஒரு குடும்பத்தின் ஆறு ஓட்டு போய்விடும்.

அந்த ஆறு ஓட்டு சின்ன விஷயமும் அல்ல. 2011 கணக்கெடுப்பில் கொடைக்கானலின் மக்கள்தொகை 36,501. 24 ஆல் வகுத்தால் வார்டுக்கு ஆயிரத்து ஐநூறு பேர். அதில் ஓட்டுப் போடுகிறவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். அப்பா 41 ஓட்டில் தோற்றார் என்றால் ஏழெட்டு வீடு. எந்த ஏழெட்டு வீடு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எம்.எல்.ஏ. தோற்றால் அலை என்று சொல்லிக்கொள்ளலாம். கவுன்சிலர் தோற்றால் மறுநாள் காலை பால் வாங்கப் போகும் வழியில் தன்னைத் தோற்கடித்தவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

வீணா என்று கேட்கிறீர்கள். அப்பா எதை நினைத்து அந்த வார்த்தையைச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். கவுன்சிலர் என்பது முதல் படி, அடுத்து சேர்மன், அப்புறம் எம்.எல்.ஏ. என்று கட்சிகளில் ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பழைய உதாரணங்களும் உண்டு. ராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார், பெரியார் ஈரோட்டில் நகர்மன்றத் தலைவராக இருந்தார். அண்ணா 1935இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றுப்போனார். அன்றைக்கு நகர்மன்றம்தான் இந்தியர்கள் நிர்வாகம் பழகக் கிடைத்த இடம். இன்றைக்கு அந்த ஏணி அப்படி இல்லை. நம்மூரில் இன்னும் மோசம். நீலகிரிக்கு உதகை, குன்னூர், கூடலூர் என்று மலைக்கே மூன்று சட்டமன்றத் தொகுதி. நாம் பழனித் தொகுதி. பெரும்பாலான ஓட்டு கீழே இருக்கிறது. நம்மூர் மூஞ்சிக்கல்லில் எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் மலையிறங்கி ஆயக்குடியில் யார் என்று கேட்பார்கள். கொடைக்கானல் கவுன்சிலருக்கு ஏணியின் இரண்டாவது படியிலேயே கூரை இடிக்கும். அப்பா ஏறவில்லை என்று வருந்துகிறார் என்றால், ஏற அங்கே படியே இருந்திருக்காது என்று சொல்லுங்கள்.

சேர்மன் பதவியும் ஒரு விளையாட்டுத்தான். 2011இல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள், 2022இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். மறைமுகத் தேர்தல் என்றால் கவுன்சிலருக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் மவுசு. கீழே எங்கேயாவது இழுபறி என்றால் கவுன்சிலர்களை வேனில் ஏற்றி நம்மூர் காட்டேஜ்களுக்குக் கொண்டுவந்து அடைப்பார்கள். நம்மூர்க் கவுன்சிலர்களை எங்கே கொண்டுபோய் அடைப்பது என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். குற்றாலம் என்று பதில் வந்தது.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அந்த எட்டுப் பவுனை நான் கடக்க மாட்டேன். நகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023 ஜூலையிலிருந்துதான். உங்கள் அப்பா காலத்தில் கிடைத்தது கூட்டத்துக்குப் போனால் ஒரு படித்தொகை. வார்டில் ஒரு மாதத்தில் மூன்று கல்யாணம், இரண்டு காதுகுத்து, ஒரு துக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொய்க்கும் மாலைக்குமே அந்தத் தொகை காணாது. ஆக, நேர்மையாக இருப்பவர் வீட்டு நகையைத் தின்கிறார், இல்லாதவர் வேறு எதையாவது தின்கிறார். நகராட்சி ஒப்பந்தத்தில் கவுன்சிலருக்குப் பங்கு இருக்கக் கூடாது என்கிறது சட்டம். மைத்துனர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

இங்கே ஒன்று கேட்டுத்தான் ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் விதி மீறிய கட்டடங்களுக்கு உயர் நீதிமன்றம் சொல்லி சீல் வைத்தார்கள். அவை ஒரே ராத்திரியில் முளைத்தவை அல்ல. அஸ்திவாரம் தோண்டும்போது மண் லாரி எந்தத் தெரு வழியாகப் போனதோ, அந்தத் தெருவுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. சிலர் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். சிலர் வாங்காமலே பேசாமல் இருந்தார்கள், ஏனென்றால் கட்டுகிறவரும் அவர் வார்டு ஓட்டுதான். உங்கள் அப்பா இதில் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேளுங்கள். "வீணாப்போனது" என்பதில் நகையைவிட இது பெரிய பங்காக இருக்கலாம். மழை பெய்தால் மேல் தெரு சுவரை நினைத்து எழுந்து உட்காருகிற மனிதர் அந்தச் சுவருக்கு மேலே என்ன கட்டினார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

2016 விஷயத்தில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றார்கள். அதற்கு முன்னால் 1986இல் நடந்தது, அப்புறம் 1996இல்தான் நடந்தது. இனி அப்படி நடக்காது என்றுதான் நாமெல்லாம் நினைத்தோம். 2016 அக்டோபரில் மனுவெல்லாம் வாங்கிய பிறகு உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. நகராட்சிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. நடுவில் ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலர்களே இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. கஜாவும் கொரோனாவும் அந்த இடைவெளியில்தான் வந்தன. அந்த ராத்திரி உங்கள் வீட்டுக்குப் போன் வந்ததற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. கூப்பிட வேறு ஆள் இல்லை. எந்த மரத்துக்குக் கீழே யார் வீடு, எந்தக் கிழவி தனியாகப் படுத்திருப்பாள் என்ற பட்டியல் தனி அலுவலரின் மேசையில் இருக்காது. அது அப்பாவின் தலையில் இருந்தது.

அதை இறக்கிவைக்கத்தான் இடம் இல்லை. அதிகாரி மாற்றலாகிப் போனால் கோப்பாவது மிச்சம் இருக்கும். கவுன்சிலர் தோற்றால், அல்லது வார்டு இட ஒதுக்கீட்டில் மாறினால், அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர் முதல் வருடம் முழுக்கத் தெருவிளக்கு எண்களைக் கற்றுக்கொள்கிறார். கட்சிக்கு இது ஒரு தகுதியாகவே தெரிவதில்லை. அவர்கள் சாதியைப் பார்ப்பார்கள், செலவழிக்க முடியுமா என்று பார்ப்பார்கள். வால்வு எங்கே என்று தெரியுமா என வேட்பாளர் நேர்காணலில் ஒருவரும் கேட்டதில்லை.

உங்களைக் கேட்டு ஏன் வருகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகு, ஒவ்வொரு கட்சியும் மனைவி, மகள், மருமகள் பட்டியலோடுதான் அலைகிறது. கவுன்சிலர் எண்ணுக்கு அடித்தால் "நான் அவங்க வீட்டுக்காரர்தான், சொல்லுங்க" என்று குரல் வருகிற வார்டுகள் நமக்குத் தெரியும். உங்கள் விஷயத்தில் "நான் அவங்க அப்பா" என்று வரக் கூடாது. அதைவிடக் கட்சியின் நகரச் செயலாளர் எடுக்கக் கூடாது. அது இன்னும் மோசம்.

நிற்கலாமா? நிற்கலாம், ஆனால் இப்போது வருகிறவர்களுக்கு உடனே சரி சொல்லாதீர்கள். 2022இல் பதவியேற்ற மன்றத்துக்கு ஐந்தாண்டு முடிவது 2027 மார்ச்சில். அதன் பிறகும் தேர்தல் சொன்ன நாளில் நடக்கும் என்று இந்த மாநிலத்தில் நம்பிவிட முடியாது. எப்படியும் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. ஒரு நூறு பக்க நோட்டு வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில், மழை விட்ட நாளெல்லாம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வார்டைச் சுற்றுங்கள். அவருக்கு முட்டி வலி என்றால் படிகள் இருக்கும் இடத்தில் அவர் கீழே நிற்கட்டும், நீங்கள் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தச் சாக்கடை எந்த வீட்டுக்கு அடியில் போகிறது, எந்தத் தடுப்புச் சுவர் எந்த வருடம் கட்டியது, அதில் நீர் வடிய ஓட்டை விட்டார்களா, யாருக்குப் பட்டா இல்லை, யாருடைய குழாய் இணைப்பு இரவில் பூமிக்கடியில் இரண்டாகிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர் சொல்லத் தயங்குகிற இடங்கள் வரும். தடுமாறி வேறு பேச்சுக்குப் போவார். அந்த இடங்களில் பக்கத்தைக் காலியாக விடுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

நோட்டு நிறைந்த பிறகும் நிற்க வேண்டும் என்று தோன்றினால் நில்லுங்கள். தோன்றாவிட்டால் யார் ஜெயிக்கிறாரோ அவரிடம் ஒரு நகல் கொடுங்கள், வேறு கட்சியாக இருந்தாலும். அப்பா முதலில் கத்துவார்.

நான் தண்ணீருக்காகக் காத்திருந்த தெருவை விட்டு வந்து பத்து வருடமாகிறது. இப்போது இருக்கும் வீட்டிலும் மேல் வரிசைதான். உங்கள் அப்பாவுக்கு இந்தப் பக்கம் பழக்கம் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் வால்வு லாட்ஜ் சந்துக்குள் இருக்கிறது என்கிறார் ஒருவர், பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் என்கிறார் இன்னொருவர். போன வாரம் இரண்டு இடத்திலும் டார்ச் அடித்துத் தேடிவிட்டேன்.