கோவை நகரத்துக்குள் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு இவ்வளவு வயல்? விற்றுவிட்டு ஊருக்கு வெளியே வாங்கினால் என்ன?

நீங்கள் மருதமலை ரோட்டுப் பக்கம் வீடு தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டுவிட்டு வரும் வழியில் நெல் அசைவதைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கத்தான் செய்யும். என் சித்தப்பா நிலத் தரகர். "அந்தக் காசுக்குச் சூலூர் தாண்டி நாலு மடங்கு வாங்கலாம்டா" என்று தீபாவளிக்குத் தீபாவளி சொல்வார். அவருக்குச் சொல்லும் பதிலையே உங்களுக்கும் தருகிறேன்.

நான் அங்கே படித்தவன். 'பாசத்தில் பேசுகிறான்' என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் இருக்கிறது. 1925-ல் இன்னொன்றும் ஆரம்பித்தார்கள். ஒரு பாத்திக்கு எந்த உரமும் கிடையாது. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும், ஒன்றுக்கு மாட்டு எரு. எந்தப் பாத்திக்கு எது என்று அன்றைக்கு வைத்தார்களோ, அதே கணக்குதான் இன்றைக்கும். வெறும் யூரியாவையே கொட்டிக்கொண்டிருந்தால் மண் என்னவாகும் என்று வாதாட வேண்டியதில்லை, அள்ளிப் பார்த்துவிடலாம். சூலூரில் நாலு மடங்கு நிலம் வாங்கலாம்தான். அந்த மண்ணின் நூறு வருஷத்தை எங்கே போய் வாங்குவது?

அப்புறம் ரகங்கள். புது ரகத்துக்காக நெல்லில் இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்ப்பதை ஒரு தடவையாவது செய்து பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். சாயங்காலம் வரப்பில் குந்தி உட்கார்ந்து, பூக்கப்போகும் நெல்லின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை வீண். பட்டர் பேப்பர் உறையை மாட்டி, மறுநாள் காலை இன்னொரு ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து தட்ட வேண்டும். இவ்வளவுக்கும் நாலைந்து நெல்மணி பிடித்தாலே எனக்குச் சந்தோஷம். அந்த நாலு மணியிலிருந்து இரண்டாம் தலைமுறைக்கு ஆயிரக்கணக்கான செடிகள் வளர்த்து, பிடித்த செடி ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை போட்டு, வருஷா வருஷம் கழித்துக் கழித்து ஒரு ரகம் வெளியே வர பத்து வருஷமாவது ஆகும். இதையெல்லாம் மொட்டை மாடியில் செய்ய முடியாது சித்தப்பா!

உங்கள் ஊர் விவசாயி வாங்கும் விதை மூட்டையில் நீலச் சீட்டு இருக்கும். அது சான்று விதை. அதற்கு முந்தையது வெள்ளைச் சீட்டு, ஆதார விதை. அதற்கும் முந்தையது மஞ்சள் சீட்டு, வல்லுநர் விதை. கோ 51 மாதிரி நெல் ரகங்களுக்கு அந்த மஞ்சள் சீட்டு விதை பல்கலைக்கழக நிலத்தில்தான் விளைகிறது. வரிசை வரிசையாக நடந்து கலவன், அதாவது ரகத்தோடு ஒத்துப்போகாத செடிகளைப் பிடுங்குவார்கள். அங்கே ஒரு கலவன் தங்கினால் கீழே எத்தனை வயலுக்குப் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறொரு பண்ணையில் (பெயர் வேண்டாம்) கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி, பின்னணி பச்சையாக இருக்கிறது என்று சோதனைப் பாத்திக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று அடையாளக் குச்சிகளையும் பிடுங்கி வரப்பில் அடுக்கி வைத்திருந்தார் கேமராக்காரர். எந்தக் குச்சி எந்த வரிசையுடையது என்று அவரிடமா கேட்பது? அந்தப் பருவத்துக் கணக்கு அதோடு போச்சு. கேட்டதற்கு, "புல்லுதானே சார்" என்றார்.

எந்தப் பல்கலைக்கழகத்திலாவது சீமைக்கருவேலம் மண்டிச் சும்மா கிடக்கும் நிலம் இருந்தால், அதைப் பற்றிக் கேளுங்கள். நானும் சேர்ந்து கேட்கிறேன். நெல் நிற்கும் வயலை விட்டுவிடுங்கள்.