கொரோனா ஊரடங்கு சிக்னல் சந்திப்புகளில் வாகன வேகத்தை எப்படி மாற்றியது? இப்போது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா?

வேகம் கூடியது. ஆனால் எந்த வேகம் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் பெரும்பாலும் "ஊரடங்கில் சாலை காலியாக இருந்தது, சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம்" என்பதோடு நின்றுவிடுகின்றன. சிக்னல் கம்பத்தின் கீழே நின்று பார்த்தவனுக்கு அது பாதிக் கதை.

சென்னையில் சிக்னல் பராமரிக்கும் ஒப்பந்த வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தபோது, நூறடிச் சாலையில் சிக்னலை இயக்கும் ஒரு கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தேன். ஏழு மணிக்கெல்லாம் சாலை வெறிச்சோடிவிட்டது. அது பழைய பெட்டி. விளக்கு மாறும்போது உள்ளே ரிலே என்ற மின் சுவிட்ச் 'டக்' என்று விழும். அத்தனை ஆண்டுகளில் அந்தச் சத்தத்தை நடுச்சாலையில் நின்று அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். நாலு பக்கமும் யாரும் இல்லை. பச்சை விழுகிறது, மஞ்சள் வருகிறது, சிவப்பு வருகிறது, மறுபடியும் பச்சை.

மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அவசரப் பணிக்கான அனுமதிச் சீட்டு கையில் இருந்ததால் நான் தினமும் வெளியே போனேன். முக்கால் மணி நேரம் பிடிக்கும் தூரத்தைக் கால் மணி நேரத்தில் கடந்தேன்.

இப்போது எந்த வேகம் என்ற கேள்விக்கு வருகிறேன். வண்டி ஓடும் வேகம் ஒன்று, காத்திருப்பையும் சேர்த்த சராசரி வேகம் இன்னொன்று. ஒரு கணக்குக்காக, ஒரு கிலோமீட்டர் சாலையில் இரண்டு சிக்னல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் நாளில் வண்டி ஓடும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம். அதற்கு 2 நிமிடம். சிக்னலுக்கு ஒரு நிமிடம் வீதம் காத்திருப்பு இன்னொரு 2 நிமிடம். ஆக 4 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர். சராசரி வேகம் 15. சாலை காலியான நாளில் வண்டி 60-ல் ஓடுகிறது. அதற்கு ஒரு நிமிடம். சிக்னலுக்கு 20 நொடி வீதம் 40 நொடி. மொத்தம் 100 நொடி, சராசரி 36. கைபேசி வரைபடத்தில் பயண நேரத்தைப் பார்ப்பவருக்கு இந்த 36 தான் கிடைக்கும். "பரவாயில்லையே, இதுவே மிதமான வேகம்தானே" என்று தோன்றும். ஆனால் சந்திப்புக்குள் நுழையும் வண்டி 36-ல் வரவில்லை. 60-ல் வருகிறது. சாலையைக் கடப்பவர் மேல் மோதுவது சராசரி வேகம் அல்ல.

இதில் வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. நெரிசல் நேரத்தில் சிவப்பில் நின்ற வண்டிகள் பச்சை விழுந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. ஒரு தடத்தில் சுமார் 2 நொடிக்கு ஒரு வண்டி வீதம்தான் நிறுத்தக் கோட்டைத் தாண்டும். நின்று கிளம்பிய வண்டி என்பதால் கோட்டைத் தாண்டும்போது பெரிய வேகம் எடுத்திருக்காது. பின்னால் வருபவர் எவ்வளவு அவசரக்காரராக இருந்தாலும் முன்னால் நிற்கும் வரிசை அவரைத் தடுத்துவிடும். சென்னையின் முக்கியச் சந்திப்புகளில் நம்மைக் காப்பாற்றிவந்த வேகத்தடை இந்த வரிசைதான். அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. நெரிசல் தானாகவே வைத்தது.

ஊரடங்கில் அந்தத் தடை போய்விட்டது. எல்லாப் பக்கத்துக்கும் ஒருமுறை பச்சை வந்து முடிவதை ஒரு சுற்று என்போம். 120 நொடிச் சுற்றில் ஒரு பக்கத்துக்கு 60 நொடி பச்சை என்றால், வரிசை இல்லாத சாலையில் வருபவர்களில் பாதிப் பேர் பச்சையிலேயே வந்து சேர்வார்கள். பிரேக்கைத் தொடாமல், ஓடிய வேகத்திலேயே சந்திப்பைக் கடப்பார்கள். மீதிப் பாதிப் பேர் வெற்றுச் சாலையைப் பார்த்துக்கொண்டு சிவப்பில் நிற்க வேண்டும். குறுக்கே யாருமே வராதபோது எதற்கு இந்தச் சிவப்பு என்று முதல் நாள் முணுமுணுத்தவர்கள், பத்தாம் நாள் மெதுவாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருபதாம் நாள் எட்டிப் பார்ப்பதும் நின்றுவிட்டது. இதில் ஓட்டுநரை மட்டும் குறை சொல்ல என்னால் முடியாது. நெரிசலுக்காக அமைத்த நீண்ட சுற்றை வெறும் சாலையில் அப்படியே ஓடவிட்டால், சிவப்பு விளக்கின் மேல் இருக்கும் மரியாதையை நாமே கெடுக்கிறோம். சுற்றைப் பாதியாகக் குறைத்திருக்க வேண்டும். சில இடங்களில் மஞ்சள் மட்டும் அணைந்து அணைந்து எரியும்படி மாற்றினோம். பல இடங்களில் பழைய நேரமே ஓடியது.

ஏப்ரல் 5 முதல் தமிழ்நாட்டில் மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணி முதல் பகல் 1 மணி வரைதான் என்ற கட்டுப்பாடு வந்தது. அதனால் பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒரு விசித்திரமான அரை மணி நேரம் தினமும் உண்டானது. சாலை காலி, ஆனால் சாலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவசரம். ஒரு மணிக்கு மேல் பிடித்தால் வண்டியை வாங்கி வைத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு.

அந்த அரை மணி நேரத்தில் ஒருநாள் நான் பெட்டியின் பக்கத்தில் நின்றிருந்தேன். தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் வைத்த மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்குச் சாலையில் காத்திருந்தார். அவர் பக்கம் பச்சை விழுந்தது. இறங்கினார். பிரதான சாலையில் ஒரு பழைய கார் வந்துகொண்டிருந்தது. டயர் கிறீச்சிட்ட சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் கார் மூன்று சக்கர வண்டியின் முன்பக்கத்தை இடித்துத் திருப்பிவிட்டது. அந்த அம்மா கைப்பிடியை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்ததால் பிழைத்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மூட்டை கிழிந்து, பாதசாரிகள் கடக்கும் வெள்ளைப் பட்டைகளின் மேலெல்லாம் வெள்ளைப் பொடி. அதன் நடுவே இரண்டு கறுப்பு டயர்த் தடங்கள்.

காரை ஓட்டியவர் குடித்திருக்கவில்லை. பின்னிருக்கையில் இரண்டு பை அரிசியும் ஒரு எண்ணெய் டின்னும் இருந்தன. கை நடுங்கிக்கொண்டிருந்தது. "மஞ்சளைப் பார்த்தேன் சார். பிரேக் போட்டால் நிற்காது என்று தோன்றியது. தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது" என்றார். இதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே வருகிறது.

அந்தச் சந்திப்பில் மஞ்சள் 3 நொடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் மஞ்சளைப் பார்த்து, ஒரு நொடியில் காலை பிரேக்குக்குக் கொண்டுபோய், சாதாரணமாக அழுத்தி நிறுத்தச் சுமார் 32 மீட்டர் வேண்டும். அதே வேகத்தில் 3 நொடியில் 33 மீட்டர் போகலாம். அதாவது எங்கே இருந்தாலும் ஒன்று நிற்கலாம், இல்லையென்றால் மஞ்சளிலேயே கோட்டைத் தாண்டலாம். 3 நொடி என்பது 40-க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இப்போது 70-ல் வாருங்கள். நிற்க 82 மீட்டர் வேண்டும். 3 நொடியில் போகக்கூடியது 58 மீட்டர். கோட்டிலிருந்து 58-க்கும் 82-க்கும் இடையே இருப்பவருக்கு நிற்கவும் வழியில்லை, தாண்டவும் வழியில்லை. 70 மீட்டரில் இருந்தார் என்று வையுங்கள். சிவப்பு விழும்போது கோட்டுக்கு இன்னும் 12 மீட்டர் இருக்கும். சந்திப்பு 30 மீட்டர் அகலம் என்றால், சிவப்பு விழுந்த பிறகு இன்னும் 2 நொடிக்கு மேல் அவர் உள்ளே இருப்பார். எல்லாப் பக்கமும் சிவப்பாக நிற்கும் இடைவெளி அங்கே ஒரு நொடிதான். மீதி ஒரு நொடிக்குள்தான் அந்த அம்மா வண்டியைத் தள்ளினார்.

மஞ்சள் மாறவில்லை. கம்பம் மாறவில்லை. வேகம் மட்டும் மாறியது. என்னைக் கேட்டால், பெருந்தொற்றுக் காலத்தில் சிக்னல்களில் நடந்தது இவ்வளவுதான்.

நாட்டுக் கணக்கும் இதையே காட்டுகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைகளின்படி 2019-ல் இந்தியாவில் 4,49,002 விபத்துகள், 1,51,113 மரணங்கள். 2020-ல் விபத்துகள் 3,66,138 ஆகவும், மரணங்கள் 1,31,714 ஆகவும் குறைந்தன. குறைந்துவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. நூறு விபத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பாருங்கள்: 2019-ல் 33.7, 2020-ல் 36. அடுத்த ஆண்டு 37.3. விபத்து குறைந்தது, நடந்த விபத்து கொடியதாக இருந்தது. இதற்கு வேகம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேகம் இல்லாமல் இது நடந்திருக்காது. அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 2020-ல் அங்கே வாகனங்கள் ஓடிய மொத்தத் தூரம் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இறந்தவர்களோ சுமார் 36,000-லிருந்து 39,000 ஆகக் கூடினார்கள்.

சிட்னி நகரில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் நகர மையத்தில் பாதசாரிகள் பொத்தானை அழுத்தத் தேவையில்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் நடப்பவர்களுக்குத் தானாகவே பச்சை விழும்படி மாற்றினார்கள். தொட்டால் தொற்றும் என்ற பயத்தில் செய்தது. நம் ஊரில் அழுத்துவதற்குப் பொத்தானே இல்லாத சந்திப்புகள் ஏராளம். இருக்கும் இடங்களிலும் 30 மீட்டர் சாலையை ஒரு முதியவர் கடக்க அரை நிமிடம் ஆகும் என்பதை நினைத்து யாரும் நேரம் வைப்பதில்லை.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன்: பழைய நிலைக்குத் திரும்பியதா? பகலில் திரும்பிவிட்டது. 2020 செப்டம்பரில் பஸ்ஸும் மெட்ரோவும் ஓடத் தொடங்கின. தொற்றுக்குப் பயந்து பலர் சொந்த இருசக்கர வண்டிக்கு மாறியதில் வரிசைகள் முன்பைவிடவும் நீண்டன. வரிசை வந்ததும் சந்திப்பில் வேகம் தானாக அடங்கியது. இரவு பத்து மணிக்கு மேலும் விடியற்காலையிலும் திரும்பவில்லை. 2021 மே மாத ஊரடங்குக்குப் பிறகு நான் இரவுப் பணியில் பார்ப்பது, 2020 ஏப்ரலில் பகலில் பார்த்த அதே காட்சிதான். நீண்ட சிவப்பு, காலியான குறுக்குச் சாலை, நிற்காமல் போகும் வண்டிகள். ஊரடங்கில் கற்றுக்கொண்டதை அந்த நேரத்தில் மட்டும் யாரும் மறக்கவில்லை.

2023 நவம்பரில் சென்னையில் கார்களுக்கு 60, இருசக்கர வண்டிகளுக்கு 50 என்று புதிய வேக வரம்பு வந்தது. 60-க்கு 3 நொடி மஞ்சள் போதாது, 4 நொடி வேண்டும். நீங்கள் தினமும் நிற்கும் சிக்னலில் மஞ்சளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 3-தான் வருகிறது என்றால் போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுதுங்கள். பெட்டிக்குள் அது சில நிமிட வேலை. எங்கள் சந்திப்பில் அதிகாரியிடம் டயர்த் தடத்தின் படத்தைக் காட்டி, மஞ்சளை ஒரு நொடியும், எல்லாப் பக்கச் சிவப்பை ஒரு நொடியும் கூட்ட ஒப்புதல் வாங்கினேன்.

அந்த அம்மா இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். இப்போதும் அந்தச் சாலையில்தான் பணி. நேரத்தைக் கூட்டிவிட்டதாக நான் சொன்னேன், தலையாட்டினார். ஆனால் அவர் பக்கம் பச்சை விழுந்த பிறகும், பிரதான சாலையைப் பார்த்து வாய்க்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் வண்டியைத் தள்ளுகிறார்.