எட்டாம் வகுப்பில் வகுத்தல் வரவில்லையா?

கேள்வி: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதே பள்ளியில் எட்டாவது படிக்கும் என் மகனுக்கு வகுத்தல் வரவில்லை. டியூஷன் அனுப்பியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு தாய், செஞ்சி

பதில்: தேர்ச்சி சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இவற்றோடு இரண்டு மதிப்பெண் வினா மூன்று எழுதினால் 36 வந்துவிடும். தேர்ச்சிக்கு 35 போதும். இதையே பழக்கிப் பிள்ளைகளைக் கரையேற்றும் ஆசிரியர்களின் உழைப்பு பெரியது. ஆனால் வகுத்தல் தெரியாதவனும் அதில் தேறிவிடுவான். இடைவெளி பிளஸ் ஒன்னில்தான் வெளியே தெரியும்.

டியூஷனில் எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடத்தைத்தானே சொல்லித்தருகிறார்கள்? உங்கள் மகன் நின்றுபோனது அநேகமாக மூன்றாம், நான்காம் வகுப்பில். அந்த இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள். 52லிருந்து 38ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 26 என்று எழுதினால், 2லிருந்து 8 போகாது என்பதால் 8லிருந்து 2ஐக் கழித்திருக்கிறான். கவனக்குறைவு என்று திட்டாதீர்கள், கடன் வாங்குவது அவனுக்குப் புரியவே இல்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டு, இரண்டு தனிக்குச்சி கொடுங்கள். ஒரு கட்டைப் பிரித்தால்தான் எட்டை எடுக்க முடியும் என்று அவன் கையே சொல்லும்.

அடுத்து 612ஐ 6ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 12 என்று வந்தால், நடுவில் 1ஐ வகுக்க முடியாதபோது ஈவில் 0 போட மறந்திருக்கிறான். விடையை 6ஆல் பெருக்கிப் பார்க்கச் சொன்னால் 72 வரும். தப்பை அவனே பிடிப்பான். தினமும் அரை மணி நேரம், ஒரே வகைக் கணக்கு, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லியபடி போடட்டும். விடையை மட்டும் பார்த்து டிக் போடுவதால்தான் இந்தத் தப்புகள் எட்டாம் வகுப்பு வரை தப்பி வருகின்றன.

கேள்வி: என் மகள் நன்றாகத்தான் படிக்கிறாள். என்.எம்.எம்.எஸ். (எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு) மாதிரித் தேர்வில் மட்டும் பாதியில் நேரம் முடிந்துவிடுகிறது.
- ஒரு வாசகர், அரூர்

பதில்: மனத்திறன் 90 வினா, படிப்பறிவு 90 வினா, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். வினாவுக்கு ஒரே நிமிடம். வினாவை வாசிக்கவே அரை நிமிடம் போனால் யோசிக்க எங்கே நேரம்? அவள் பார்க்காத ஒரு பத்தியைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறினால், மாதிரித் தாள்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு தினமும் 20 நிமிடம் வாசிப்புக்குக் கொடுங்கள். தடையில்லாமல் வாசித்தால், தெரியாத வினாவில் சிக்கி நிற்கிறாளா என்று பாருங்கள். அதைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய், கடைசியில் திரும்பி வரச் சொல்லுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விட வேண்டாம்.