பீச் மரம் காய்க்கும் முன்பே

கனடாவின் கியூபெக் மாகாணத் தெற்கில் சட்டன் மலைத்தொடர் இருக்கிறது. மேப்பிளும் பீச்சும் (beech; பழம் தரும் பீச் அல்ல, சிறு கொட்டை காய்க்கும் காட்டு மரம்) நிறைந்த அந்தக் காட்டில், அணில் குடும்பத்துச் சிறு பிராணியான சிப்மங்கை ஆராயும் குழு ஒன்றுக்கு உதவியாளராக இரண்டு கோடைகள் வேலை பார்த்ததைச் சென்ற இதழில் ஒரே பத்தியில் சொல்லியிருந்தேன். அந்தப் பத்திக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன.

டொரன்டோவில் மகள் வீட்டுத் தோட்டத்தில் சிப்மங்கைத் தினமும் பார்த்தேன். அது நம் ஊர் அணில்தானே அம்மா? கொஞ்சம் கொழுகொழுவென்று இருக்கிறது, அவ்வளவுதான். (தஞ்சாவூர் வாசகி)

முதல் நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் அணிலின் முதுகில், ராமர் தடவியதாகச் சொல்லும் மூன்று வெள்ளைக் கோடுகள். சிப்மங்கின் முதுகில் ஐந்து கருங்கோடுகள். முகத்திலும் கோடு உண்டு, கண் அதன் நடுவே இருக்கும். கியூபெக்கில் பேச்சு வழக்கில் அதை 'சுவிஸ்' என்கிறார்கள். வாடிகன் சுவிஸ் காவலரின் வரிச் சீருடையால் வந்த பெயர் என்று எனக்குச் சொன்னார்கள்.

பெரிய வேறுபாடு குடியிருப்பில்தான். நம் அணில் மரத்திலும் ஓட்டு இடுக்கிலும் கூடு கட்டும். சிப்மங்க் மண்ணுக்குள் வளை தோண்டி, ஒரு வளைக்கு ஒன்றாகத் தனியே வாழும். வளை வாசலில் மண் குவியல் இருக்காது. வெறும் ஒரு ஓட்டை மட்டும், சருகுக்கு நடுவே. நான் பலமுறை காலை அதில் விட்டிருக்கிறேன்.

பொறி வைத்துப் பிடித்து, காதைக் குத்தி விடுவது பாவம் இல்லையா? (மதுரை வாசகர்)

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதனால் என்ன செய்கிறோம் என்பதை அப்படியே சொல்கிறேன். பொறி என்பது ஓர் அலுமினியப் பெட்டி. உள்ளே வேர்க்கடலை வெண்ணெய். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லாப் பெட்டிகளையும் நடந்து பார்க்க வேண்டும். மழை பெய்தாலும், கொசு பிடுங்கினாலும் அதில் தளர்வு கிடையாது. கதவு மூடியிருந்தால் பெட்டி வாயில் துணிப் பையைப் பிடித்துச் சாய்ப்போம். பையோடு வில் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்போம். வளர்ந்த ஒன்று நூறு கிராமை ஒட்டி இருக்கும். கன்னப்பையில் தீனி அடைத்திருந்தால் அதையும் குறிப்பில் எழுத வேண்டும். காதில் சிறிய உலோக வில்லை. ஆடு மாடுகளுக்குப் போடுகிறோமே, அதன் குட்டி வடிவம். தோலுக்கடியில் அரிசி மணி அளவுள்ள ஒரு சில்லு. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால் எண் தெரியும். வேலை முடிந்ததும் பிடித்த அதே இடத்தில் விட்டுவிட வேண்டும்.

கையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் அதன் நெஞ்சு என் விரலுக்கடியில் துடிக்கும். துடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து எண்ண முடியாத அதிர்வு அது. பயப்படுகிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கோடையின் பிற்பகுதியில் சிலவற்றின் தொடையிடுக்கில் ஒரு புடைப்பும் நடுவே ஒரு துளையும் இருக்கும். ஒரு வகை ஈயின் புழு தோலுக்கடியில் வளர்ந்து, அந்தத் துளை வழியே மூச்சு விடுகிறது. அதை வெளியே எடுத்துவிடலாமா என்று கை பரபரக்கும். எடுக்கக் கூடாது. எத்தனை புழு என்று எழுதிக்கொண்டு விட வேண்டும். அந்த வேலையிலேயே எனக்கு மிகவும் கடினமாக இருந்தது அதுதான்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் செத்துப்போகும் பிராணியைப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஏன் ஆராய வேண்டும்? ஒரு கோடை போதாதா? (கோவை, விலங்கியல் மாணவர்)

போதாது. அதை நானே அங்கே கற்றுக்கொண்டேன்.

முதல் கோடை ஜூலை இறுதி. பிடிபட்ட பெண் சிப்மங்குகளில் ஒன்றைப் புரட்டினால் முலைக்காம்புகள் தடித்து, சுற்றிலும் முடி உதிர்ந்திருக்கிறது. அடுத்ததும் அப்படியே. எல்லாம் வளைக்குள் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் முடிவில் குட்டிகள் வெளியே வந்தன. 'கோடையில் குட்டி போடும்' என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன். மறு ஆண்டு அதே ஜூலை, அதே பொறிகள், காதில் அதே எண் உள்ள பெண்கள். ஒன்றுகூடப் பால் கொடுக்கவில்லை. நோய் ஏதும் பரவிவிட்டதோ என்று பதறிப் போனேன். குழுவை நடத்தியவர் பேசாமல் பழைய ஆண்டுகளின் நோட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நம் ஊர் மாமரம் ஓர் ஆண்டு கிளை ஒடியக் காய்த்து, மறு ஆண்டு ஓய்வெடுக்கும் அல்லவா? பீச்சும் அப்படித்தான். காட்டில் உள்ள பீச் மரங்கள் எல்லாம் ஒரே இலையுதிர் காலத்தில் சேர்ந்து காய்க்கும். அடுத்த ஆண்டு அநேகமாக ஒன்றும் இருக்காது. சிப்மங்க் குளிர்காலத்துக்குச் சேர்க்கும் உணவில் பீச் கொட்டைக்கு ஈடு கிடையாது. அந்த மலைக்காடுகளிலிருந்து 2011இல் வெளியான ஆய்வு காட்டியது இதுதான்: காய்ப்பு வரப்போகும் ஆண்டில் சிப்மங்குகள் கோடையிலேயே குட்டி போடுகின்றன, கொட்டை விழும் செப்டம்பர், அக்டோபரில் குட்டிகள் தாமே சேர்க்கும் வயதுக்கு வந்துவிடுகின்றன. காய்ப்புக்கு அடுத்த வசந்தத்தில், சேமித்ததை வைத்து மறுபடி ஒரு ஈற்று. காய்ப்பு இல்லாத ஆண்டின் கோடையிலும், அதை அடுத்த வசந்தத்திலும் சும்மா இருந்துவிடுகின்றன.

கவனியுங்கள்: கொட்டை விழுந்த பிறகு அல்ல, விழுவதற்கு மாதங்கள் முன்பே. ஜூன், ஜூலையில் இணை சேரும்போது மரத்தில் இருப்பது பச்சைப் பிஞ்சு. சிவப்பு அணில்களிடமும் இதே முன்னேற்பாடு உண்டு என்று 2006இல் கனடாவிலும் ஐரோப்பாவிலும் கண்டிருந்தார்கள்.

முதல் கோடையோடு ஊர் திரும்பியிருந்தால் ஒரு தவறான உண்மையை எழுதியிருப்பேன். இரண்டாவது கோடை மட்டும் போயிருந்தால் அதற்கு நேர் எதிரான தவறு. மரத்தின் கணக்கு ஓர் ஆண்டுக்குள் முடிவதில்லை தம்பி. பிராணியின் ஆயுளை வைத்து ஆய்வின் ஆயுளைத் தீர்மானிக்காதீர்கள்.

பனிக்காலம் முழுவதும் தூங்குமாமே? (கரூர் வாசகி)

தொடர்ந்து தூங்காது. கரடி போல உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொண்டு படுப்பதில்லை. வளைக்குள் களஞ்சியம் வைத்திருக்கிறது. சில நாட்கள் உடம்பு குளிர்ந்து மரத்துக் கிடக்கும், பிறகு சூடேறி எழுந்து தின்னும், மறுபடி படுக்கும். மரே ஹம்ஃப்ரீஸ் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் காட்டிலேயே வாழும் சிப்மங்குகளில் சிலவற்றுக்கு உணவைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். களஞ்சியம் பெருத்தவை குறைவாகவே உடம்பைக் குளிரவிட்டன. அதிலும் அவ்வளவு ஆழமாகக் குளிரவிடவில்லை. இருப்பு இருந்தால் விழித்திருக்கவே விரும்புகிறது.

இதனால் மனிதருக்கு என்ன லாபம்? (சேலம் வாசகர்)

லாபம் இல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன். ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். நியூயார்க் மாநிலம் மில்புரூக்கில் கேரி ஆய்வு நிறுவனத்தில் ரிச்சர்ட் ஆஸ்ட்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் ஓக் காட்டில் ஆண்டுக்கணக்காக எலிகளையும் சிப்மங்குகளையும் எண்ணி வந்தார்கள். ஓக் கொட்டை கொட்டோ கொட்டென்று கொட்டிய ஆண்டுக்கு மறு ஆண்டு இவை பெருகும். இவற்றின் ரத்தத்தைக் குடிக்கும் உண்ணிகளுக்கு, மனிதருக்குக் காய்ச்சலும் மூட்டு வலியும் தரும் லைம் நோயின் கிருமி தொற்றும். அதற்கும் அடுத்த ஆண்டு அந்த உண்ணி மனிதரைக் கடிக்கும். 13 ஆண்டுத் தரவை வைத்து 2006இல் இதை வெளியிட்டார்கள். எந்தக் கோடையில் காட்டுக்குப் போக அதிகம் பயப்பட வேண்டும் என்பதை, இரண்டு ஆண்டு முன்பு மரத்தடியில் விழுந்த கொட்டை சொல்லிவிடுகிறது.

எங்கள் பள்ளி வேப்பமரத்தில் நிறைய அணில்கள் இருக்கின்றன. நானும் ஆராயலாமா? (ஏழாம் வகுப்பு, திண்டிவனம்)

தாராளமாக, கண்ணு. பிடிக்காதே, சாயம் பூசாதே. கிழிந்த காது, நுனி அறுந்த வால் என்று ஏதாவது அடையாளம் உள்ள ஒன்றைத் தேடு. அதை மட்டும் பின்தொடர்ந்து, எத்தனை மணிக்கு எந்தக் கிளையில் என்ன தின்றது என்று தேதி போட்டு எழுது. ஒன்றும் காணாத நாளிலும் 'காணவில்லை' என்று எழுது. வேம்பு பூப்பது, பழுப்பது, உதிர்வது மூன்றையும் அதே நோட்டில் குறித்து வை. பத்தாம் வகுப்புக்குப் போகும்போது அந்த நோட்டை எனக்கு அனுப்பு.