பிரான்ஸ் கிராமப்புறத்தில் வாகனத் தொல்லை இல்லாத சைக்கிள் பயணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பிரான்ஸில் சைக்கிளில் ஊர் சுற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கடினமான மலையேற்றம், பந்தய சைக்கிள் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நிதானமாக, காரைப் பற்றிய பயமில்லாமல் போக நினைப்பவர்களுக்கானது இது.

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. ஊருக்குள் தவிர எங்கும் சைக்கிள் ஓட்டியதில்லை. முதல் பயணத்துக்கு எங்கே போகலாம்?

யோசிக்கவே வேண்டாம், கிழக்குப் பிரான்ஸில் இருக்கும் பர்கண்டி பகுதிக்குப் போங்கள். சலோன்-சுர்-சோன் நகரிலிருந்து க்ளூனி வழியாக மாக்கோன் வரை பழைய ரயில் பாதை ஒன்று இருந்தது. ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் விட்டுவிட்டார்கள். இந்த மாதிரிப் பாதைகளை அங்கே 'வுவா வெர்த்' என்பார்கள், அதாவது பசுமை வழி. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரையிலான 44 கிலோமீட்டர் 1997இல் திறக்கப்பட்டது. நாட்டின் முதல் பசுமை வழிகளில் அது ஒன்று. மோட்டார் வண்டிக்கு அனுமதி கிடையாது. குறுக்கே சின்னச் சாலைகள் வரும், அங்கே மட்டும் மகளை நிறுத்திப் பார்த்துப் போகச் சொல்லுங்கள்.

ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்றம் தெரியவே தெரியாது. அந்தக் கால ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் பாதை போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சமன் செய்திருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டின் பலன் இன்று உங்கள் மகளின் கால்களுக்குக் கிடைக்கிறது.

முதல் நாள் ஜிவ்ரியில் தொடங்கி, திராட்சைத் தோட்டங்களை ஒட்டி புஸ்ஸி வழியாகக் கோர்மாத்தன் வரை போங்கள். சுமார் 30 கிலோமீட்டர்தான். அங்கே 17ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றும் அழகான தோட்டமும் இருக்கின்றன. மறுநாள் தெசே குன்றின் அடிவாரத்தைக் கடந்தால் மதியத்துக்குள் க்ளூனி வந்துவிடும். மிச்ச நாளை அங்கேயே செலவழியுங்கள். 910இல் நிறுவப்பட்ட மடம் அது. ரோமில் புனித பேதுரு தேவாலயம் புதிதாக எழும் வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரிய தேவாலயம் இதுதான். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு விற்றுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கல்லுக்காகப் பெயர்த்தெடுத்தார்கள். இன்று ஒரு கோபுரமும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம். அதன் பழைய அளவு தெருக்களில் நடந்தால்தான் புரியும், குழந்தைகளுக்கும் அது பிடிக்கும்.

மூன்றாம் நாள் மாக்கோனுக்கு. வழியில் புவா கிளேர் குகைப்பாதை வரும், சுமார் 1.6 கிலோமீட்டர். வெயில் காலத்திலும் உள்ளே குளிரும், ஆளுக்கொரு மேல்சட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குவதால் பாதையை மூடிவிடுவார்கள். அப்போது மேலே கணவாய் வழியாக ஏறித்தான் போக வேண்டும், அதை மகளோடு செய்யாதீர்கள். மாக்கோனிலிருந்து ரயிலில் திரும்பலாம். கால் தெம்பாக இருந்தால் சோன் ஆற்றங்கரைப் பாதையில் துர்ன்யூ வழியாகச் சலோனுக்கே வந்து சேரலாம். முழு வட்டமும் ஏறக்குறைய 140 கிலோமீட்டர்.

ஒரு விஷயம்: பிரான்ஸில் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் திட்டமிடலாம்?

பழக்கமில்லாதவர்களுக்கு 30 முதல் 40 கிலோமீட்டர். பழகியவர்கள் 60 போகலாம். அதற்கு மேல் போனால் ஊர்களைப் பார்க்க நேரம் இருக்காது, தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பதுதான் மிஞ்சும்.

கேள்வி: ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுவார்களா?

விடுவார்கள், ரயிலைப் பொறுத்தது. தெஜேவே எனப்படும் அதிவேக ரயிலில் பல வண்டிகளில் சைக்கிளுக்கென்று சில இடங்கள் உண்டு. முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும், கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றி 130 × 90 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பையில் போட்டால் லக்கேஜாகக் கணக்கு. தெயர் எனப்படும் வட்டார ரயில்தான் நமக்குத் தோது. அதில் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் லுவார் ஆற்றுப் பக்கம் போன்ற இடங்களில் கோடைக்கு மட்டும் பதிவு கேட்கிறார்கள். பர்கண்டிக்குப் பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து கிளம்பும் வட்டார ரயிலைப் பாருங்கள். மெதுவாகப் போகும், மாறி ஏற வேண்டிய தலைவலி இல்லை. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் வேண்டாம், நிற்கவே இடம் இருக்காது.

கேள்வி: கனால் டு மிடி கரையோரம் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சாதாரண சைக்கிள் போதுமா?

ஆசைப்பட வேண்டிய இடம்தான். 1666இல் தொடங்கி 1681இல் முடித்த கால்வாய், 240 கிலோமீட்டர், 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் படத்தில் பார்ப்பது வேறு, பாதை வேறு. தெற்கே துலூஸ் நகரில் கால்வாய் தொடங்கும் இடத்திலிருந்து முதல் 50 கிலோமீட்டர் வரை நல்ல தார். அதற்குப் பிறகு பல இடங்களில் வெறும் கரைமேடுதான்: வேர், கல், மழை பெய்தால் சேறு. தடித்த டயரும் பொறுமையும் வேண்டும். இன்னொரு வருத்தமான சேதி, கரையின் நிழல் மரங்கள். சுமார் 42,000 பிளேன் மரங்கள் நின்ற கால்வாய் அது. 2006இல் அங்கே ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. தொற்றிய மரத்தைக் காப்பாற்ற வழி இல்லை, வெட்டி எரிக்கிறார்கள். வேறு இனங்களை நட்டு வருகிறார்கள், ஆனால் சில நீண்ட பகுதிகளில் இப்போது நிழலே கிடையாது. ஜூலை வெயிலில் அங்கே போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

என் சிபாரிசு: துலூஸில் கிழக்கே திரும்பாமல் வடமேற்கே திரும்புங்கள். கரோன் கால்வாய், 193 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுவதும் தார்ப் பாதை, நிழலும் தாராளம். மொய்சாக் மடத்தின் தூண்களையும், ஆஜானில் ஆற்றுக்கு மேலே கால்வாயைச் சுமந்து நிற்கும் 539 மீட்டர் நீளக் கல் பாலத்தையும் பார்ப்பீர்கள். பாலத்தில் உங்கள் பக்கத்தில் படகு வரும், கீழே ஆறு ஓடும். பெயர் குறைவு என்பதால் கூட்டமும் குறைவு.

கேள்வி: பசுமை வழி முடிந்த பிறகு? கார் சாலையில் ஏறத்தானே வேண்டும்?

ஏறுங்கள், பயப்படாதீர்கள். பிரான்ஸின் உண்மையான செல்வம் அந்தச் சின்னச் சாலைகள்தான். பசுமை வழிகள் நாட்டில் சில கோடுகள். கிராமத்தையும் கிராமத்தையும் இணைக்கும் சாலைகளோ பெரிய வலை. மிஷ்லன் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று சாலைகளைப் போட்டிருப்பார்கள். வெள்ளையை எடுங்கள். அரை மணிக்கு ஒரு கார், நடுவில் ஒரு டிராக்டர், அவ்வளவுதான். சிவப்பை விட்டு விலகுங்கள். மஞ்சளில் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்துக்குப் பிறகும் வேலைக்குப் போவோர் வேகமாக வருவார்கள்.

முந்திப் போகும் கார் ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலோர் விடுகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வலப்பக்க முன்னுரிமை. கிராமத்துக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது சந்திலிருந்து வருபவருக்குத்தான் வழி. எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும் அவர் நிற்க மாட்டார், நீங்கள் நிற்க வேண்டும். இருட்டிலோ பனிமூட்டத்திலோ ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். இலையுதிர் காலத்தில் காட்டோரம் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள், பகலிலும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். கிராமத்தில் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், நேரம்தான் முக்கியம். உணவகங்களில் மதியம் 12 முதல் ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்குப் போய்க் கேட்டால் அடுப்பை அணைத்திருப்பார்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடைகள் மூடிவிடும், திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகளுக்கும் விடுமுறை. சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், பழம், தக்காளி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையே இல்லாத கிராமங்களும் இப்போது நிறைய.

'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சாலடில் பன்றி இறைச்சித் துண்டுகளைத் தூவுவது வழக்கம், முன்பே கேளுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஆம்லெட் எங்கும் உண்டு. பர்கண்டியில் மாக்கோன் பக்கத்துச் சின்ன ஆட்டுப்பால் சீஸை வாரச் சந்தையில் வாங்கிப் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்கு அது போதும்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாக் கிராமக் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் இருக்கும், சைக்கிளில் வருபவர்கள் அங்கேதான் நிரப்பிக்கொள்கிறார்கள். 'நோன் பொத்தாப்ல்', அதாவது குடிக்க உகந்ததல்ல, என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதம், எந்தத் திசையில் போவது நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். திசையைக் காற்று முடிவு செய்யும். லுவார் ஆற்றில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, கடல் பக்கமிருந்து வரும். ஆறு கடலை நோக்கி ஓடுகிறது என்று நீங்களும் அதே பக்கம் போனால் நாள் முழுக்க முகத்தில் அறையும். நான்த் நகரில் தொடங்கி கிழக்கே போங்கள். ரோன் பள்ளத்தாக்கில் நேர்மாறு: வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்று ஆளையே தள்ளும், அதனால் தெற்கு நோக்கித்தான் போக வேண்டும்.

கேள்வி: தனியாகப் போகும் பெண் நான். இரவு எங்கே தங்கலாம்?

'அக்கேய் வெலோ', அதாவது சைக்கிளுக்கு வரவேற்பு, என்ற பலகை உள்ள விடுதிகளைத் தேடுங்கள். பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கச் சாமான்களும் தர வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. கூடாரம் இருந்தால் ஊராட்சி நடத்தும் முகாம்கள் மலிவு, பெரும்பாலும் ஆற்றங்கரையில் ஊரை ஒட்டியே இருக்கும். முதல் இரண்டு இரவுகளை மட்டும் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு நாளும் மதியத்துக்குள் அடுத்த இடத்துக்குப் போன் செய்துவிடுங்கள். ஆறு மணிக்கு முன்னால் போய்ச் சேருவதாகத் திட்டமிடுங்கள், சில விடுதிகளில் அதற்குப் பிறகு வரவேற்பறையில் ஆள் இருப்பதில்லை. அவசரத்துக்கு 112.