குரூப் 4 கேள்வி பதில்: எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள்

இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறுதோறும் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இளநிலை உதவியாளர் போன்ற அரசு வேலைகளுக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 தேர்வு பற்றிக் கேளுங்கள், அலுவலகம் பற்றிக் கேளுங்கள். ஜோசியம் மட்டும் வேண்டாம்.

தென்காசி: ஐயா, தினம் எத்தனை மணி நேரம் படித்தால் வேலை நிச்சயம்?

'நிச்சயம்' என்பதை எடுத்துவிடு தம்பி. 2022 ஜூலை குரூப் 4க்கு விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். அறிவித்த இடம் 7,301. ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேர். அத்தனை பேரும் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டிப் படித்தால் கட் ஆஃப்தான் ஏறும், நாற்காலி ஏறாது. பிறகு இடங்கள் பத்தாயிரத்தைத் தாண்டின. அதுவும் கோட்டையில் எடுத்த முடிவு, யாரும் கண் விழித்ததால் வந்ததில்லை.

2019 செப்டம்பருக்கு அடுத்த குரூப் 4 அந்த 2022 ஜூலையில்தான். கொரோனாவில் நூலகம் மூடியிருந்தபோது பிள்ளையார் கோவில் திண்ணையில் ஒரு பையன் படித்தான். ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் கிழிந்து, காலண்டர் தாளில் அட்டை போட்டிருப்பான். அவன் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எழுதப் பரீட்சைதான் இல்லை.

அதனால்தான் ஓயாமல் சொல்கிறேன்: இந்தத் தேதியோடு நிறுத்துவேன் என்று ஒரு தேதி வை. பக்கத்தில் சின்னதாக ஒரு வருமானமும் வை.

சேலம்: தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு என்ன வேண்டும்?

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழ்வழியில் படித்த சான்றிதழ். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் இப்போதே போய் வாங்கு.

ராமநாதபுரம்: தெரிந்தவர் ஒருவர் பணம் கொடுத்தால் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

2019 குரூப் 4இல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மை மறையும் பேனாவோடு எழுதிய மோசடிக் கதை உன் மாவட்டத்துக்கே தெரியும். 99 பேருக்கு வாழ்நாள் தடை. அந்தத் தெரிந்தவரை இனித் தெரியாதவராக்கிக்கொள்.

சென்னை: 69 சதவீதம் ஒதுக்கீட்டுக்குப் போனால் உழைக்கிறவனுக்கு என்ன மரியாதை?

மிச்சம் 31 பொதுப் போட்டி. அது யார் பெயருக்கும் பட்டா போட்டதில்லை, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் மதிப்பெண் எடுத்து அதில் வரலாம். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மதவாரியாக இடம் பிரித்த வகுப்புவாரி அரசாணையைத் தள்ளியது. இங்கே கிளம்பிய எதிர்ப்பில் அதே வருடம் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்தினார்கள். 69ஐக் காக்க 1994இல் இன்னொரு திருத்தம். யார் உழைப்பு பரீட்சை ஹால் வரை வந்து சேரும் என்பதற்குத்தான் அத்தனை சண்டையும். மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்து படிக்கிற பெண்ணின் ஒரு மணி நேரமும், வீட்டில் தனி அறை உள்ள உன் ஒரு மணி நேரமும் ஒன்றா?

மதுரை (குறுக்கே): அப்போ எல்லாமே அரசியல்தானா? படிக்கவே வேண்டாமா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? படிக்காதவனுக்கு இடம் இல்லை. படித்தவனுக்கெல்லாம் இடம் உண்டு என்பதுதான் பொய்.

சென்னை: தனி அறையா? என் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நாலு பேருக்கு ஒரே அறை.

மன்னித்துக்கொள் தம்பி. கேட்காமல் நானாக முடிவு கட்டியது தப்பு. உன் ஆத்திரம் நியாயம், ஆனால் பக்கத்து பெஞ்சில் இருப்பவள் மேல் பாய்வது நியாயமில்லை. நான் ஓய்வு பெற்றபோது என் பிரிவில் நாலு நாற்காலியில் இரண்டு காலி. மிச்சம் இரண்டு பேர் நாலு பேர் வேலையைப் பார்த்தார்கள். அந்த இரண்டை ஏன் நிரப்பவில்லை என்று உன் எம்எல்ஏவைக் கேள். நானும் கூட வருகிறேன்.

விழுப்புரம்: ஆறு மாதத்தில் முடியுமா? எத்தனை மணி நேரம்?

தென்காசிக்குச் சொன்னதைப் படி.

கரூர்: எட்டு மணி நேரமா, பத்தா?

தென்காசிக்குச் சொன்னதுதான்! நீ தேதி வைத்தாயா?

நாகர்கோவில்: ஐயா, நாலு வருடம் படித்து வேலையில் சேர்ந்து மூன்று மாதம். தபால் பதிகிறேன், என் மேசைக்கு வந்த தபால் எதில் என்ன நடந்தது என்று தன்பதிவேடு எழுதுகிறேன். இதற்கா இத்தனை பாடு என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை.

இன்றைக்கு வந்ததில் இதுதான் கேள்வி அம்மா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் மாதம் பூராவும் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டேன். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க ஒரு பாட்டி வந்தாள். மனுவின் கோப்பு எண்ணை, அதாவது ந.க. எண்ணை, துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்து வந்து முடிச்சை அவிழ்த்து அதே சீட்டை நீட்டினாள். கோப்பு என் மேசையில்தான் கிடந்தது, ஒரு தாள் நகரவில்லை. பரீட்சையில் எனக்கு எந்த ரேங்க் என்று அவளுக்கு என்ன தெரியும்? அன்றைக்குச் சாயங்காலம் குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். வேலைக்குச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

உன் தன்பதிவேட்டில் நிலுவை எத்தனை? நாளைக்கு எண்ணிப் பார்த்து எழுது.